நிஷி-கசாய் நிலையத்தில் ஏறவும் இறங்கவும்: டோக்கியோவுக்குப் புதிதாக வருவோருக்கு

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எதோகவா வட்டத்தில் இருக்கும் நிஷி-கசாய், பார்வைக்கு எந்தச் சிறப்பும் இல்லாத புறநகர் ரயில் நிலையம். தூண்களின் மேல் ஓடும் இரண்டு தண்டவாளங்கள், அவற்றின் அடியில் வரிசையாகக் கடைகள், வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல், அவ்வளவுதான். டோக்கியோ மெட்ரோவின் தோசாய் தடத்தில் உள்ள 23 நிலையங்களில் இது 16-ஆவது. தடம் மேற்கே நகானோவில் தொடங்கி, நகரின் நடுப்பகுதியை நிலத்தடியில் கடந்து, கிழக்கே சிபா மாநிலத்தின் நிஷி-ஃபுனாபாஷியில் முடிகிறது. மொத்த நீளம் 30.8 கிலோமீட்டர். இந்தப் பகுதிக்குத் தடம் வந்தது 1969-இல். நிஷி-கசாய் நிலையம் அப்போது இல்லை. ஓடிக்கொண்டிருந்த தடத்தின் நடுவே 1979 அக்டோபர் 1 அன்று புதிதாகச் செருகப்பட்டது.

இந்தியர்கள் இங்கு மிகுதியாகக் குடியேறியதற்கும் இந்தத் தடமே பெரிய காரணம். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகப் படித்துவிடும் என்ற அச்சத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் வெளிநாட்டுப் பொறியாளர்களை வரவழைத்தன. வங்கிகளும் பங்கு நிறுவனங்களும் நெருங்கி நிற்கும் ஓட்டேமாச்சி, நிஹோன்பாஷி, கயபாச்சோ ஆகிய மூன்றும் தோசாய் தடத்திலேயே இருப்பதால், வண்டி மாறாமல் கால் மணி நேரத்தை ஒட்டிய பயணத்தில் வேலைக்குப் போய்விடலாம். முன்பணமாகத் திரும்பக் கிடைக்காத ‘சாவிப் பணமும்’ ஜாமீன்தாரரும் கேட்காத, யூஆர் என்ற அரசு சார்ந்த வீட்டுவசதி நிறுவனத்தின் அடுக்ககக் குடியிருப்புகள் நிலையத்துக்கு அருகிலேயே இருந்ததும் உதவிற்று. இன்று புதிதாக வருபவருக்கு நிறுவனத்தின் மனிதவளத் துறை முதலில் சொல்லும் ஊர்ப் பெயர்களில் நிஷி-கசாயும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

நிலையம் எளிமையானதுதான். ஆனால் அதன் வழியே ஓடும் எல்லா வண்டிகளும் அங்கு நிற்பதில்லை. புதியவர்கள் படும் பாட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரே காரணத்தால் வருவது. ஆகவே கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து வரும் முதல் பயணம்

ஹனேதா, நரிதா ஆகிய இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் நிஹோன்பாஷி வழியாக வருவதே மனத்தில் வைத்துக்கொள்ள எளிது. ஹனேதாவில் இறங்குபவர், அசகுசா என்ற நிலத்தடித் தடத்துக்குள் நேராகச் செல்லும் கெய்க்யூ நிறுவனத்தின் வண்டியில் ஏறி நிஹோன்பாஷியில் இறங்கலாம். நரிதாவில் இறங்குபவர், அதே அசகுசா தடத்துக்குள் மறுபுறத்திலிருந்து நுழையும் கெய்செய் நிறுவனத்தின் ‘ஆக்சஸ் எக்ஸ்பிரஸ்’ வண்டியில் வந்து அதே நிஹோன்பாஷியில் இறங்கலாம். அங்கே வான நீல வளையத்துக்குள் ஆங்கில ‘டி’ எழுத்து பொறித்த பலகைகளைப் பின்பற்றினால் தோசாய் தடத்தின் நடைமேடை வந்துவிடும். வண்டி மாறுகையில் இடையில் ஒரு கட்டண வாயிலைக் கடக்க வேண்டும். அசகுசா தடமும் தோசாய் தடமும் வெவ்வேறு நிர்வாகங்களைச் சேர்ந்தவை. காலை வேளையில் நகரிலிருந்து நிஷி-கசாய் பக்கம் வரும் வண்டிகளில் பெரிய பெட்டிகளோடு வசதியாக வரலாம். மாலை ஆறு மணிக்கு மேல் அப்படி எண்ணிவிடக் கூடாது.

அட்டை வாங்குதல்

காகிதச் சீட்டும் கிடைக்கும். எனினும் இங்கு குடியிருக்கப் போகிறவர் முதல் நாளே தொடு அட்டை வாங்கிக்கொள்வது நல்லது. மெட்ரோ நிலைய இயந்திரங்களில் கிடைப்பது பாஸ்மோ. ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் நிலையங்களில் கிடைப்பது சுய்க்கா. பயன்பாட்டில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எந்த அட்டையையும் எந்த நிறுவனத்தின் வாயிலிலும் தொடலாம், பேருந்திலும் மூலைக்கடையிலும் கூடத் தொடலாம். அட்டைக்கு 500 யென் வைப்புத்தொகை பிடிப்பார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். ஓர் அட்டையில் அதிகபட்சம் 20,000 யென் வரை நிரப்பலாம். சில்லுத் தட்டுப்பாட்டால் 2023-இல் நிறுத்தப்பட்ட பெயரில்லா அட்டை விற்பனை 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கிவிட்டது. ஆயினும் பெயர் பதிந்த அட்டையையே வாங்குங்கள். தொலைந்தால் மீதித் தொகையோடு மறு அட்டை பெற முடிவது பெயர் பதிந்த அட்டைக்கு மட்டுமே.

அட்டையில் பெயர், வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்தில் பதியப்படும். நம் பெயர்களில் வரும் ழகரமும் இரட்டை மெய்யும் கதகானாவில் பல விதமாக எழுதப்படக்கூடியவை. வங்கிக் கணக்கில் எப்படி எழுதினார்களோ அதே எழுத்துக்கூட்டலை இங்கும் கொடுத்துவிட்டால் பிற்பாடு சிக்கல் வராது. இயந்திரத்தில் ஆங்கிலத் திரை உண்டு. பணம் நிரப்பும்போது பெரும்பாலும் ரொக்கம் மட்டுமே செல்லும் என்பதால் ஆயிரம் யென் தாள் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

கைப்பேசியிலேயே அட்டையை வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜப்பானிய வாயில்களுக்கு வேண்டிய ஃபெலிக்கா வசதி பெரும்பாலும் இராது. இருக்கும் என்று நம்பி அட்டை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

2023 மார்ச்சில் உயர்த்தப்பட்ட கட்டணத்தின்படி, மெட்ரோவின் மிகக் குறைந்த கட்டணம் காகிதச் சீட்டுக்கு 180 யென், அட்டைக்கு 178 யென். நிஷி-கசாயிலிருந்து ஓட்டேமாச்சிக்கு அட்டையில் 209 யென்.

வாயிலும் நடைமேடையும்

ஜப்பானின் கட்டண வாயில்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். தவறு நேர்ந்தால்தான் மூடிக்கொள்ளும். சென்னை மெட்ரோவில் வாயில் திறக்கும்வரை காத்திருந்து பழகியவர்கள் இங்கு ஒரு கணம் தயங்கி நிற்பார்கள், பின்னால் வருபவர் முதுகில் மோதுவார். நடையை நிறுத்தாமல் அட்டையை நன்றாகத் தொட்டு, ஒலி கேட்டதும் கடந்துவிட வேண்டும். வெளியேறும்போது மீதி போதாமல் வாயில் மூடிக்கொண்டால் பதற வேண்டாம். அருகிலேயே ‘செய்சான்கி’ எனப்படும் கட்டண ஈடுசெய் இயந்திரம் இருக்கும். அதில் குறைந்த தொகையைச் செலுத்திவிட்டு மீண்டும் தொட்டால் போதும். அட்டையைத் தொட்டு உள்ளே வந்த பிறகு பயணம் வேண்டாம் என்று தோன்றினால் ஓர வாயிலில் இருக்கும் பணியாளரிடம் சொல்லுங்கள். அவர் பதிவை நீக்கித் தராதவரை அந்த அட்டை வேறு எந்த வாயிலிலும் நுழையாது.

மாடிப்படி ஏறுமுன் எந்தத் திசைக்கான நடைமேடை என்பதைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். நகரை நோக்கிப் போக ‘நகானோ’, ‘ஓட்டேமாச்சி’ என்று எழுதியிருக்கும், எதிர்ப்பக்கம் ‘நிஷி-ஃபுனாபாஷி’. நிற்காத வண்டிகள் இந்த நிலையத்தை வேகமாகக் கடந்து போகும் என்பதால், புடைப்புகள் கொண்ட மஞ்சள் பட்டைக்கு உள்ளேயே நிற்பது இங்கு வெறும் சம்பிரதாயம் அன்று. அறிவிப்பில் ‘ட்சூக்கா’ என்ற சொல் காதில் விழுந்தால், வரும் வண்டி நிற்காமல் கடக்கப் போகிறது என்று பொருள். கைப்பேசியோ செருப்போ தண்டவாளத்தில் விழுந்துவிட்டால் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. பணியாளரை அழைத்தால் நீண்ட இடுக்கியோடு வந்து எடுத்துத் தருவார். மனிதரே விழுந்துவிட்டால், நடைமேடைத் தூணில் உள்ள அவசரப் பொத்தானை யோசிக்காமல் அழுத்துங்கள். அதற்காக எவரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

எந்த வண்டி நிற்கும், எது நிற்காது

தோசாய் தடத்தில் மூன்று வகை வண்டிகள் ஓடுகின்றன. முதலாவது எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதா வண்டி. ஜப்பானியத்தில் ‘காக்குஎக்கி தெய்ஷா’, ஆங்கிலப் பலகையில் ‘லோக்கல்’. இரண்டாவது ‘கைசோக்கு’ எனப்படும் விரைவு வண்டி, ஆங்கிலத்தில் ‘ரேப்பிட்’. மூன்றாவது ‘ட்சூக்கின் கைசோக்கு’, அதாவது வேலை நேர விரைவு வண்டி. ‘கம்யூட்டர் ரேப்பிட்’ என்று எழுதியிருக்கும்.

விரைவு வண்டி, நகானோவிலிருந்து தோயோச்சோ வரை சாதா வண்டியைப் போலவே ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கிறது. நகருக்குள் ஏறும் புதியவருக்கு அது விரைவு வண்டி என்ற ஐயமே எழாது. தோயோச்சோவை விட்டதும்தான் அதன் குணம் மாறும்: மினாமி-சுனாமாச்சி, நிஷி-கசாய், கசாய் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு உராயாசுவில் போய் நிற்கும், அதன்பின் நிஷி-ஃபுனாபாஷி வரை எங்கும் நிற்காது. வேலை நேர விரைவு வண்டி இதற்கு நேர்மாறு. வார நாள் காலையில் நகானோ திசையில் மட்டும் ஓடும் அது, நிஷி-ஃபுனாபாஷிக்கும் உராயாசுவுக்கும் இடையே நிற்காமல் வந்து, உராயாசுவிலிருந்து எல்லா நிலையங்களிலும் நிற்கும். எனவே நிஷி-கசாயிலும் நிற்கும்.

இதனால் காலை நெரிசல் வேளையில் வேலைக்குப் போகும்போது பெரும்பாலும் எவரும் ஏமாறுவதில்லை. கண்ணெதிரே வந்து நின்று கதவு திறக்கும் எந்த வண்டியிலும் ஏறலாம். ஏமாற்றம் மாலையில், களைத்துப்போய்த் திரும்பும்போது நேர்கிறது. ஓட்டேமாச்சியில் முதலில் வந்த வண்டியில் ஏறி, இடம் கிடைத்ததே என்று கண்ணயர்ந்து, நிஷி-கசாயின் விளக்குகள் சன்னலுக்கு வெளியே ஓடிப்போவதைப் பார்த்து விழித்தவர்களில் நானும் ஒருவன். வந்த முதல் வாரத்திலேயே இரண்டு முறை அப்படி உராயாசு வரை போயிருக்கிறேன். இரண்டாம் முறை உடன் வந்த நண்பருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தப்பிக்க வழி இதுதான். நடைமேடையில் தொங்கும் மின்பலகையில் சேருமிடத்தைப் பார்க்குமுன் வண்டியின் வகையைப் பாருங்கள். பலகை ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் காட்டும் என்பதால் சில நொடிகள் பொறுத்தால் ‘லோக்கல்’ என்ற சொல் வந்துவிடும். சேருமிடம் பல பெயர்களில் இருக்கலாம். நிஷி-ஃபுனாபாஷி என்றிருக்கலாம், அதற்கும் அப்பால் தோயோ நிறுவனத் தடத்தில் உள்ள தோயோ-கட்சுதாதாய் என்றிருக்கலாம், நெரிசல் நேரத்தில் ஜேஆர் தடத்தின் ட்சுதானுமா என்றும் இருக்கலாம். சாதா வண்டியாக இருந்தால் இவை எல்லாமே நிஷி-கசாயில் நிற்கும். ‘தோயோச்சோ’ என்று போட்டிருந்தால் மட்டும் அது ஆற்றைத் தாண்டாமலேயே முடிந்துவிடும் வண்டி. அதில் ஏறினால் தோயோச்சோவில் இறங்கி அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

தவறி விரைவு வண்டியில் ஏறிவிட்டாலும், தோயோச்சோ வரும்வரை கெட்டது ஒன்றுமில்லை. அங்கே இறங்கி, பின்னால் வரும் சாதா வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். அதையும் தவறவிட்டவர் உராயாசுவில் இறங்கி, வாயிலுக்கு வெளியே போகாமல் எதிர்த்திசை நடைமேடைக்கு மாறி, சாதா வண்டியில் இரண்டு நிலையம் திரும்பி வர வேண்டும். அங்கேயும் வகையைப் பார்த்தே ஏறுங்கள். அவசரத்தில் நகானோ திசை விரைவு வண்டியில் ஏறினால் அது மீண்டும் நிஷி-கசாயைத் தாண்டித் தோயோச்சோவில் கொண்டுபோய் விடும்.

பலகையைப் படிக்க முடியாத கூட்டத்தில் சிக்கியவர்களுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. நிலத்தடியிலேயே வந்த வண்டி மினாமி-சுனாமாச்சியைக் கடந்தபின் சட்டென்று வெளிச்சத்துக்கு வந்து, அரகவா, நகாகவா ஆறுகளின் மேலுள்ள நீண்ட பாலத்தில் ஏறும். இரண்டு நிலையங்களுக்கும் இடைத்தூரம் 2.7 கிலோமீட்டர். ஆறு தெரிந்தவுடன் கதவை நோக்கி நகரத் தொடங்கினால் நிஷி-கசாயில் நிதானமாக இறங்கலாம்.

நிஷி-கசாயிலிருந்து சிபா பக்கம் போகிறவர்கள் சாதா வண்டியில் உராயாசு வரை சென்று அங்கே விரைவு வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். அந்தத் திசையில் சாதா வண்டி கசாயில் சில நிமிடம் நின்றுவிட்டால் பழுது என்று எண்ண வேண்டாம். விரைவு வண்டி முந்திச் செல்வதற்கான பக்கத்தடம் அங்கே இருப்பதால் ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறது.

காலை நெரிசல்

ஜப்பானிய நெரிசலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுக்கு முதல் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் தடமே இதுதான். 2019-ஆம் நிதியாண்டில், கிபாவுக்கும் மோன்சென்-நகாச்சோவுக்கும் இடையே காலை உச்ச நேரத்தில் பதிவான நெரிசல் 199 விழுக்காடு. போக்குவரத்து அமைச்சகம் இந்த எண்ணுக்கு நெடுங்காலம் கொடுத்துவந்த விளக்கம் சுவையானது. 150 விழுக்காட்டில் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180-இல் மடித்துச் சிரமப்பட்டுப் படிக்கலாம். 200-இல் உடலோடு உடல் அழுந்தும், ஆனாலும் வார இதழை எப்படியோ படித்துவிடலாம். 250-இல் கையை அசைக்கவே முடியாது. பெருந்தொற்றுக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் வந்ததால் 199 என்ற நிலை தளர்ந்திருக்கிறது. ஆனால் எட்டு மணி வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். சிபாவிலிருந்து வரும்போதே பத்துப் பெட்டிகளும் நிறைந்துதான் வருகின்றன.

ஏறும் முறைக்கு வருவோம். நடைமேடையில் கதவு வரும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள். கதவு திறந்ததும் இருபுறமும் விலகி, இறங்குபவர்களை விட்டபின் ஏற வேண்டும். முதுகுப்பையைக் கழற்றி மார்பின்மேல் மாட்டிக்கொள்ளுங்கள் அல்லது மேல்தட்டில் வைத்துவிடுங்கள். கதவருகே நின்றவர், இடையில் வரும் நிலையங்களில் ஒரு கணம் வெளியே இறங்கி நின்று, பின்னாலிருப்பவர்களுக்கு வழிவிட்டு, மறுபடி முதல் ஆளாக ஏறிக்கொள்வது வழக்கம்; உங்கள் இடத்தை யாரும் பறித்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே நடுவில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டால் தள்ளத் தொடங்காமல் ‘சுமிமாசென், ஓரிமாஸ்’ (மன்னிக்கவும், இறங்குகிறேன்) என்று சற்று உரக்கச் சொல்லுங்கள். நம்ப முடியாத அளவுக்கு வழி திறக்கும். வண்டிக்குள் கைப்பேசியில் பேசுவது இங்கு பெரும் குற்றமாகவே பார்க்கப்படும். ஊரிலிருந்து அம்மா அழைத்தாலும் இறங்கியபின் அழைப்பதாகச் செய்தி அனுப்பிவிடுங்கள்.

வார நாள் காலையில் ஒரு பெட்டி பெண்களுக்கானது. அந்தக் கதவுகள் வருமிடத்தில் நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்புக் குறி இருக்கும். தொடக்கப் பள்ளி வயது வரையிலான சிறுவர்களும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களுக்குத் துணையாக வருபவரும் அதில் ஏறலாம். புரியாமல் ஏறிவிடும் ஆண்களை யாரும் அதட்டமாட்டார்கள். ஆனால் அந்த மௌனம் அதட்டலைவிடக் கடுமையாக இருக்கும்.

எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்குமிடத்தில் படிக்கட்டுக்கு நேராக நிற்கலாம் என்பதையும் மெல்லக் கற்றுக்கொள்ளுங்கள். நிலையச் சுவர்களில், ஒவ்வொரு நிலையத்திலும் படியும் லிஃப்டும் எந்தப் பெட்டிக்கு எதிரே வரும் என்று காட்டும் பலகை இருக்கும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டைத் தேடி அலைந்த ஃபுகுய் யாசுயோ என்ற இல்லத்தரசி, நிலையம் நிலையமாகச் சென்று குறிப்பெடுத்துத் தயாரித்த வரைபடத்திலிருந்து பிறந்தது இந்த யோசனை. ஆனால் எல்லோரும் அதே படிக்கட்டைக் குறிவைப்பதால் அந்தப் பெட்டிதான் அதிகம் நெரியும். ஐந்து நிமிடம் நடக்கத் தயாராக இருப்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இதையெல்லாம்விடச் சிறந்த உபாயம் நேரத்தை மாற்றுவது. ஏழு மணிக்கு முன்னரோ ஒன்பதரைக்குப் பின்னரோ ஏறினால் இதே வண்டி வேறு வண்டிபோல இருக்கும். 2019 ஜனவரியில் மெட்ரோ நிறுவனம், உச்ச நேரத்தைத் தவிர்த்து வரும் தோசாய் தடப் பயணிகளின் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தொட்டால் அவர்களுக்குச் சோபா நூடுல்சும் தெம்புராவும் இலவசம் என்று அறிவித்தது. நூடுல்ஸ் கொடுத்துக் கூட்டத்தைக் கலைக்க முயன்றார்கள் என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

சீசன் டிக்கெட்

‘தெய்கி’ எனப்படும் சீசன் டிக்கெட்டை ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று எடுக்கலாம். தனி அட்டை வேண்டாம், பாஸ்மோவிலேயே பதிந்து தருவார்கள். அலுவலகம் பணம் தருமானால் எந்தக் கால அளவுக்குத் தருகிறது, எந்த வழித்தடத்துக்குத் தருகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குறித்த இரண்டு நிலையங்களுக்கு இடையே எங்கு வேண்டுமானாலும் எத்தனை முறையும் இறங்கி ஏறலாம். ஆகவே ஓட்டேமாச்சி வரை எடுத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை நிஹோன்பாஷிக்குப் போய்வருவது இலவசம். எல்லையைத் தாண்டிப் போனால் மிகுதிக் கட்டணம் அட்டையில் உள்ள பணத்திலிருந்து தானாகக் கழியும். காலாவதிக்கு 14 நாள் முன்னதாகவே புதுப்பிக்கலாம். இடையில் வேலை மாறினால், முழுதாகப் பயன்படுத்தாத மாதங்களுக்கு உரிய தொகை, 220 யென் கழிவு போகத் திரும்பக் கிடைக்கும். ஆறு மாதச் சீட்டு வைத்திருப்பவர், சீட்டின் அடுத்த மாதம் தொடங்கி இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் அந்த மாதம் முழுவதும் போய்விடும் என்பதால் நாளைக் கணக்கிட்டுப் போவது நல்லது.

வண்டி ஓடாத நாள்

சில நிமிடத் தாமதம் இங்கு அடிக்கடி நேர்கிறது. ஜப்பானில் ரயில் தாமதமே ஆகாது என்பது இந்தத் தடத்தில் பயணம் செய்யாதவர்கள் பரப்பிய கதை. அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ காட்ட ‘சியென் ஷோமெய்ஷோ’ எனப்படும் தாமதச் சான்றிதழை வாயிலருகே வாங்கிக்கொள்ளலாம், நிறுவனத்தின் இணையதளத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

காற்று வேறு விஷயம். 1978 பிப்ரவரி 28 அன்று இரவு, ஆற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்த தோசாய் வண்டி சூறைக்காற்றில் சிக்கி, அதன் பெட்டிகள் கவிழ்ந்து பயணிகள் காயமடைந்தனர். அதனால் பலத்த காற்று வீசும் நாளில் நிலத்துக்கு மேலுள்ள பகுதியில் வேகத்தைக் குறைப்பதையும் வண்டிகளை நிறுத்திவைப்பதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சூறாவளிக் காலத்தில் முதல் நாள் மாலையே அறிவிப்பு வந்துவிடும். முன்கூட்டியே திட்டமிட்ட நிறுத்தங்களும் உண்டு: மினாமி-சுனாமாச்சி நிலையத்தை விரிவாக்கும் வேலைக்காக, 2024 மே மாதம் 11, 12 தேதிகளில் தோயோச்சோவுக்கும் நிஷி-கசாய்க்கும் இடையே வண்டியே ஓடவில்லை.

தடம் நின்றுவிட்டால் பக்கத்து நிறுவனங்களின் வண்டிகளில் கூடுதல் கட்டணமின்றிச் செல்ல அனுமதிக்கும் ‘ஃபுரிகாயே யுசோ’ என்ற ஏற்பாடு அறிவிக்கப்படும். ஆனால் அது சீசன் டிக்கெட்டும் காகிதச் சீட்டும் வைத்திருப்பவர்களுக்கே பொருந்தும். அட்டையில் உள்ள பணத்தில் பயணம் செய்பவர் மாற்று வழிக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். நிஷி-கசாயிலிருந்து மாற்று வழி என்றால் அது பேருந்துதான். நிலையத்தின் முன்னிருந்து வடக்கே ஃபுனாபோரிக்குப் போய் ஷின்ஜுகு தடத்தைப் பிடிக்கலாம். அதற்கும் அப்பால் ஷின்-கொய்வாவில் ஜேஆர் சோபு தடம் இருக்கிறது. தெற்கே கசாய் ரின்காய் பூங்கா நிலையத்தில் ஜேஆர் கெய்யோ தடம். தோசாய் நின்ற நாளில் எல்லோரும் இதையே நினைப்பார்கள் என்பதால், அமைதியான ஒரு சனிக்கிழமையில் ஒருமுறை போய்ப் பழகிக்கொள்ளுங்கள். மாநகர நிர்வாகம் நடத்தும் தோய் பேருந்துக்கு எங்கு இறங்கினாலும் 210 யென். முன்கதவில் ஏறி அட்டையைத் தொட்டு, நடுக்கதவில் இறங்க வேண்டும்.

குழந்தைகளும் மிதிவண்டியும்

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருவரைப் பெரியவர் ஒருவர் கட்டணமின்றி அழைத்துச் செல்லலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம். அவர்களுக்கான அட்டையை வயதுச் சான்றோடு அலுவலகச் சாளரத்தில் வாங்க வேண்டும். விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று திகைப்பவர்களுக்கு ஒன்று: அடுத்த நிலையமான கசாயில், தண்டவாளத்தின் அடியிலேயே, 1986-இல் திறக்கப்பட்ட நிலத்தடி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1927-இல் ஓடிய மஞ்சள் நிறப் பெட்டியை அங்கே பார்க்கலாம்.

மிதிவண்டியை நிலைய வாசலில் சாத்திவிட்டுப் போகக் கூடாது. எடுத்துச் சென்றுவிடுவார்கள்; மீட்கப் பணமும் அரைநாளும் செலவாகும். வட்ட நிர்வாகம் நடத்தும் நிறுத்துமிடங்கள் நிலையத்தை ஒட்டியே உள்ளன. வண்டி வாங்கும்போதே திருட்டுத் தடுப்புப் பதிவைக் கடையில் செய்துகொள்ளுங்கள். அது சட்டப்படி கட்டாயம்.

பொருளை மறந்துவிட்டால்

இறங்கிய நிலையம், நேரம், முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி, எந்தக் கதவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அன்றே நிலையப் பணியாளரிடம் சொன்னால், வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்த்து முன்னால் உள்ள நிலையத்துக்குத் தகவல் அனுப்புவார். வண்டி வேறு நிறுவனத்தின் தடத்துக்குள் போய்விட்டிருந்தால் பொருளும் அங்கேயே இறக்கப்பட்டிருக்கலாம். அப்போது எங்கே கேட்க வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். மெட்ரோ நிலையங்களில் கிடைத்த பொருள்கள் பிறகு இதாபாஷியில் உள்ள மெட்ரோவின் தொலைபொருள் பொது நிலையத்துக்கும், சில நாள் கழித்து அதே இதாபாஷியில் உள்ள காவல் துறையின் தொலைபொருள் நிலையத்துக்கும் போய்ச் சேரும். இதாபாஷியும் தோசாய் தடத்திலேயே இருப்பதால், தொலைந்த குடையைத் தேடிப் போக வண்டி மாற வேண்டியதில்லை. குடையோடு திரும்பும்போது மட்டும், வரும் வண்டி ‘லோக்கல்’தானா என்று பலகையைப் பார்த்து ஏறுங்கள்.